கஷ்டம் தீராதபோதும் கடவுளின் இரக்கமும் கிருபையும் ஆறுதல் தருமா? உங்கள் அனுபவம் என்ன?

தரும். ஆனால் காலையில் வாட்ஸப்பில் வருகிற வசனப் படங்கள் சொல்கிற மாதிரி இல்லை.

நான் மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்தவன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தாத்தா தோல் பதனிடும் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். எங்கள் சந்தில் பாதி வீடுகளில் வசனக் காலண்டர் தொங்கும். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருஷத்துக்கான வேத வசனம் அச்சிட்ட அட்டை, எடுப்போம். அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வருஷம் எங்களுக்கு வந்தது வேதாகமத்தின் புலம்பல் புத்தகத்திலிருந்து 3:22, 23. "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே, அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள்."

அம்மா அந்த அட்டையோடு நிற்கவில்லை. "மொத்தத்தையும் வாசிடா" என்றார். ஐந்தே அதிகாரம்தான், ஒரே மூச்சில் வாசித்துவிட்டேன். பாபிலோன் படை எருசலேமைப் பிடித்து ஆலயத்தைக் கொளுத்திய பிறகு, கி.மு. ஆறாம் நூற்றாண்டில், அந்த இடிபாட்டைப் பார்த்து அழுத அழுகை அது. தெருமுனையில் பிள்ளைகள் பசியில் சுருண்டு விழுகின்றன. என் ஜெபம் உள்ளே வரமுடியாதபடி வழியை அடைத்துவிட்டார், பருக்கைக் கல்லால் என் பல்லை உடைத்தார் என்று கடவுள் மேலேயே குற்றம் சாட்டுகிறார் பாடுகிறவர். அதற்கெல்லாம் பிறகுதான் அட்டையில் இருந்த வசனம் வருகிறது. வந்த பிறகும் அழுகை நிற்பதில்லை. எங்களை அடியோடு வெறுத்துவிட்டீரோ என்று கேட்டபடியே புத்தகம் முடிகிறது. கேட்டு முடித்த அம்மா, "நம்ம ஊரு ஒப்பாரி மாதிரில்லா இருக்கு" என்றார். முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. சாமியிடம் சண்டை போடலாம், அதுவும் வேதத்திலேயே எழுதியிருக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே பெரிய நிம்மதியாக இருந்தது.

ஏனென்றால் வீட்டுக்கு வந்தவர்கள் அந்த நிம்மதியைத் தரவில்லை. விசுவாசம் போதாது என்றார் ஒருவர். குடும்பத்தில் அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கிறது என்றார் இன்னொரு ஊழியக்காரர், டீயைக் குடித்துக்கொண்டே. வேதத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் விழுந்த யோபுவின் நண்பர்களும் இப்படித்தான். ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்கள்; வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் வந்தது வினை. கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் புலம்பித் தீர்த்த யோபு மேல் இல்லை, இந்த விளக்கக்காரர்கள் மேல்தான். துன்பத்தில் இருக்கிறவர்களுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் அந்த ஒரு அதிகாரத்தையாவது படித்துவிட்டுப் போகலாம்.

சரி, 'காலைதோறும்' என்பதற்கு வருகிறேன். யாத்திராகமம் 16இல், எகிப்திலிருந்து வெளியே வந்த இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் மன்னா என்ற வானத்து உணவு கிடைக்கிறது, அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும். நாளைக்கு ஆகட்டும் என்று எடுத்து வைத்தவர்களுக்கு அது புழுத்து நாறிப்போனது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும்தான் விலக்கு. இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபத்திலும் அன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைத்தான் கேட்கிறோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. ஆறு மாதம் கழித்து என்ன ஆகுமோ என்று ராத்திரி நினைத்தால் பயம்தான் மிச்சம். அடுத்த நாள் கீமோவைத் தாண்ட வேண்டியது எப்படியோ கிடைத்துவிடும்.

கீமோ நாட்களில் விடியுமுன்பே சயான் ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கலைப் பிடித்து பரேல் போய், டாடா மருத்துவமனையில் ஃபைலோடு வரிசையில் உட்கார வேண்டும். எங்கள் சந்துக் குழாயில் தண்ணீர் வருவதும் அந்த நேரம்தான். அப்போது பிடிக்காவிட்டால் அன்றைக்கு முழுக்கத் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டு பாபி (இந்தியில் அண்ணி) உத்தரப் பிரதேசத்துக்காரர், ஐந்து வேளையும் தொழுகிறவர். நாங்கள் வாயைத் திறந்து கேட்கவே இல்லை. தன் வீட்டு பைப்பை எங்கள் வாசல் வரை இழுத்து, நீல டிரம்மை நிரப்பி, மூடி மேல் ஒரு செங்கல்லையும் வைத்துவிட்டுப் போவார். அம்மா திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். "ஸ்தோத்திரம்" என்பார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாபி சிரிக்கிற சத்தம் கேட்கும். அந்த ஒரு தமிழ் வார்த்தை அவருக்கும் பழகிவிட்டது.

அம்மா பிழைக்கவில்லை. தன் உடம்பில் இருந்த முள்ளை, அதாவது தீராத ஒரு வேதனையை, எடுத்துவிடும்படி அப்போஸ்தலர் பவுல் மூன்று முறை வேண்டினார். "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது, முள் போகவில்லை. அந்த 'போதும்' எனக்கு இன்றைக்கும் சில நாள் எரிச்சலைத்தான் தருகிறது. ஆனால் கடைசி வாரங்களில் அம்மாவிடம் பயம் இல்லை, அதை நான் கூடவே இருந்து பார்த்தேன். அது மருந்தின் வேலை என்பான் என் தம்பி. அவனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதற்காக நான் அவனோடு மல்லுக்கு நிற்பதில்லை.

நீங்கள் இப்போது கஷ்டத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்டிருந்தால், சங்கீதம் 88ஐ வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முதலிலிருந்து கடைசி வரை இருட்டுதான், ஒரு சமாதானமும் சொல்லாது. ஆனாலும் அது ஜெபம்தான். அப்புறம், "ஏதாவது வேணுமா" என்று யாராவது கேட்டால் "ஜெபம் பண்ணிக்கோங்க" என்பதோடு விடாதீர்கள். மதியச் சாப்பாடு வேண்டும், ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் வேண்டும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். பரேலுக்கு ஊரிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர் என்றால், தாதர் கிழக்கில் காட்கே மகராஜ் தர்மசாலை இருக்கிறது, புற்றுநோயாளிகளும் கூட வருகிறவர்களும் தங்கலாம். மருத்துவமனையின் சமூகசேவைப் பிரிவில் முதல் நாளே போய்க் கேளுங்கள்.