டோபமைன் மீனின் வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டுமா, தடுக்குமா?

ஒரு புத்தகத்தில் 'தூண்டும்' என்றும் இன்னொன்றில் 'தடுக்கும்' என்றும் படித்துக் குழம்பிப்போய்க் கேட்டிருக்கிறீர்கள். எம்.எஸ்சி. விலங்கியலாகத்தான் இருக்கும், வைவா (வாய்மொழித் தேர்வு) நெருங்குகிறது போல. இதே கேள்வியில் மார்க்கைப் பறிகொடுத்தவன் நான்.

தங்கமீனில் டோபமைன் என்ற நரம்பு வேதிப்பொருள் வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும். அது தடுப்பது முட்டையிட வைக்கும் எல்எச் ஹார்மோனை. வளர்ச்சி ஹார்மோன் செல்லில் இருப்பது டி1 ஏற்பி, எல்எச் செல்லில் இருப்பது டி2. டோபமைன் என்ற சாவி ஒன்றுதான், ஏற்பி என்ற பூட்டு வேறு.

சேலத்தில் படித்தபோது என் ஆய்வுக்கு, இந்த ஹார்மோன்களைச் சுரக்கும் மீன் பிட்யூட்டரி சுரப்பி தேவைப்பட்டது. ஞாயிறு விடிந்தும் விடியாமலும் மேட்டூர் பஸ் பிடித்து, மீன் கடையில் கட்லா தலை வாங்குவேன். மண்டையோட்டு மூடியைச் சீவி, கொழுப்பைப் பஞ்சால் ஒற்றி, மூளையை மெல்லத் தூக்கினால், அடியில் ஒரு குழிக்குள் சவ்வு போர்த்தி வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். "ஏங் கண்ணு, கொழம்பு வெக்கிற தலையப் போயி இப்பிடி நோண்டறயே" என்பார் கடைக்காரம்மா.

நமக்கெல்லாம் மூளையின் உத்தரவு ரத்தம் வழியாகப் பிட்யூட்டரியின் முன்பகுதிக்குப் போகிறது. எலும்பு மீன்களில் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி நரம்பு இழைகளே சுரப்பிக்குள் நேராக இறங்கிவிடும். இதையும் டி1 விஷயத்தையும் வைவாவில் சொன்னேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சிரித்தார். "டோபமைன் தடுப்பான். இல்லேன்னா ஓவாப்ரிம் ஊசியில டொம்பெரிடோன் எதுக்குய்யா?" "சார், அது எல்எச்சுக்கு..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் ரெக்கார்டை மூடிவிட்டார். அந்த ஊசி, டொம்பெரிடோன் மருந்தால் டோபமைனை மறித்து மீனை முட்டையிட வைப்பதற்கு. வளர்ச்சிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

வளர்ச்சி ஹார்மோனுக்கு முக்கியமான பிரேக் சோமடோஸ்டாடின் என்ற மூளை ஹார்மோன். நார்அட்ரீனலின், செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருள்களும் அந்தத் தடுக்கும் பக்கம்தான். டோபமைனோடு சேர்ந்து தள்ளிவிடுபவை, இனப்பெருக்க ஹார்மோன்களைத் தூண்டும் ஜிஎன்ஆர்எச், பசி ஹார்மோனான கிரெலின் போன்றவை. ஜிஎன்ஆர்எச் இனப்பெருக்கத்துக்கு மட்டும் என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று. பட்டினி போட்டால் பல மீன்களில் வளர்ச்சி ஹார்மோன் ஏறத்தான் செய்யும், மீன் மட்டும் வளராது. கல்லீரல் அந்த உத்தரவைக் கேட்டு உடலை வளர்க்கும் ஐஜிஎஃப்-1 ஹார்மோனைச் சுரக்க வேண்டுமே, தீனி இல்லாதபோது அது குறைந்துவிடும். பண்ணைக்குட்டைக்கு 'ஹார்மோன் பவுடர்' விற்க வருகிறவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

நான் சொன்ன பூட்டுச் சாவிக் கணக்கு தங்கமீனுடையது. எல்லா மீனுக்கும் அப்படியே ஒட்டவைத்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். வைவாவில் மீன் பெயரை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் பதிலை ஆரம்பியுங்கள். நான் அதைச் செய்யவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

சம்பந்தமில்லாமல் ஒன்று: பஸ் காசு மிச்சம் என்று ஒருமுறை சேலத்திலேயே, 'மேட்டூர் டேம் உயிர் மீன்' என்று போர்டு வைத்த கடையில் தலை வாங்கினேன். திறந்தால் மூளை கூழாகக் கிடந்தது, சுரப்பியைத் தேடவே முடியவில்லை. எத்தனை நாள் ஐஸில் கிடந்ததோ! போன வாரம் அந்த வழியாகப் போனேன். போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.