வியட்நாமுக்கு முதல் பயணம்: ஊரைவிட முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

கேள்வி: நானும் என் கணவரும், எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளும், எழுபதை நெருங்கும் மாமனார் மாமியாரும் முதன்முறையாக வியட்நாம் செல்ல விரும்புகிறோம். அதிகம் போனால் 12 நாள்கள் கிடைக்கும். அரையாண்டு விடுமுறையில் போவதா, கோடை விடுமுறையில் போவதா என்று வீட்டில் முடிவாகவில்லை. பயண முகவர் ஒருவர் அந்த 12 நாள்களுக்குள் ஒன்பது ஊர்களைக் காட்டிவிடலாம் என்கிறார். இதை ஏற்கலாமா?
வாசகி, தென்காசி.

பதில்: ஒன்பது ஊர்த் திட்டத்தை ஏற்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வியட்நாம் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 1,650 கி.மீ. நீண்டு, நடுப்பகுதியில் ஓரிடத்தில் 50 கி.மீ. அளவுக்கே அகலம் கொண்ட நாடு. அங்கே ஒன்பது ஊர்களைத் தொட வேண்டுமானால், வயதானவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் பெட்டி கட்டிக்கொண்டு விடியற்காலையில் புறப்பட வேண்டியிருக்கும். ஊர்கள் கண்ணில் படும், ஆனால் ஒன்றும் மனத்தில் தங்காது.

ஊர்களைத் தேர்வதற்கு முன் மாதத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள், ஏனெனில் அந்த நாட்டுக்கு ஒரே பருவநிலை கிடையாது. தென்காசிக்காரரான உங்களுக்கு இதை விளக்குவது எளிது. ஆரியங்காவுக் கணவாயின் ஒரு பக்கம் கொட்டும் மழை மறுபக்கம் சாரலாக மெலிந்துவிடுவதைப் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். அங்கே ஹுவே நகருக்கும் டா நாங் நகருக்கும் இடையே கடலை நோக்கி இறங்கும் ஹாய் வான் கணவாய் அதே வேலையைச் செய்கிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை அது பெருமளவு தடுத்துவிடுவதால், ஹனோயில் கம்பளிச் சட்டை போடும் காலத்திலும் டா நாங்கில் மெல்லிய சட்டை போதுமானதாக இருக்கும். நடுப்பகுதியின் கடற்கரையோ நம் கிழக்குக் கடற்கரையின் உடன்பிறப்பைப் போன்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்கே உள்ள மலைத்தொடர் மழையைத் தடுத்துவிட, அந்தப் பகுதி வெயிலில் காய்கிறது. கடலைக் கடந்து வரும் வடகிழக்குக் காற்றால் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழை பெய்கிறது. அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் நகரத் தெருக்களில் வெள்ளம் புகுவது புதிதல்ல. தெற்கில் நிலைமை நேர்மாறு: மே முதல் அக்டோபர் முடியும்வரை மழை, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட வானிலை.

இதை வைத்துப் பார்த்தால், அரையாண்டு விடுமுறையில் தெற்கு இனிமையாக இருக்கும். வடக்கு குளிராகவும் மூட்டமாகவும் இருக்கும். நடுப்பகுதியில் மழை முழுவதும் ஓய்ந்திருக்காது. மேலும் அந்த விடுமுறை 12 நாள்களுக்குப் போதவும் போதாது. மே மாதத்தின் பின்பாதியில் வடக்கில் புழுக்கமும் தெற்கில் மாலை மழையும் தொடங்கிவிடும். மூன்று பகுதிகளையும் ஒரே பயணத்தில் பார்ப்பதற்கு மார்ச், ஏப்ரல் மாதங்களே சிறந்தவை. ஆகவே மகளின் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஏப்ரலின் பின்பாதியிலேயே புறப்பட்டுவிடுங்கள். தெற்கிலுள்ள சைகோனில் அப்போது வெயில் கடுமையாக இருக்கும். ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குப் பழகியவர்களால் அதைத் தாங்க முடியும். ஒரே எச்சரிக்கை: 1975-இல் போர் முடிந்த நாளான ஏப்ரல் 30-உம் அதை அடுத்த மே தினமும் அங்கே பொது விடுமுறை நாள்கள் என்பதால், அந்த வாரத்தில் ரயில், விமானம், விடுதி எல்லாம் நிரம்பிவிடும். அதற்கு முன்பே ஊர் திரும்பும்படி பயணச்சீட்டு எடுங்கள்.

அடுத்தது வழி. ஹனோயில் இறங்கி சைகோனிலிருந்து திரும்புவதாகச் சீட்டு எடுத்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. இன்றைக்கு அதன் அலுவல் பெயர் ஹோ சி மின் நகரம் என்றாலும், உள்ளூரில் பலரும் பேச்சில் சைகோன் என்றே சொல்கிறார்கள். ஹனோயில் மூன்று இரவுகள் தங்குங்கள். அடுத்த ஓர் இரவுக்கு ஹா லாங் விரிகுடாவா, நின் பின் பகுதியா என்ற கேள்வி வரும். இரண்டும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளின் நிலம்தான். ஒன்றில் அவை கடலிலிருந்து எழுகின்றன, மற்றொன்றில் வயலிலிருந்தும் ஆற்றிலிருந்தும் எழுகின்றன. புகழ் ஹா லாங்குக்கே அதிகம் என்றாலும் நான் நின் பின்னைத்தான் பரிந்துரைப்பேன். அது ஹனோயிலிருந்து 100 கி.மீ.க்குள் இருக்கிறது, மூடுபனியாலோ காற்றாலோ கப்பல் நின்றுபோகும் கவலையும் இல்லை. அங்கே சாங் ஆன் நீர்வழியில் துடுப்புப் படகில் அமர்ந்தபடியே குகைகளுக்குள் நுழைந்து வெளிவரலாம் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் அது ஏற்றது. மலைப்பகுதியான சா பாவை இம்முறை விட்டுவிடுங்கள். ஹனோயிலிருந்து போக ஐந்தாறு மணி நேரம், திரும்ப அதே அளவு என்பது உங்கள் பயணத்தில் இரண்டு நாள்களை விழுங்கிவிடும்.

ஹனோயிலிருந்து டா நாங்குக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரப் பயணம். 791 கி.மீ. தொலைவை ரயிலில் கடக்க ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகும் என்பதால் பெரியவர்களுடன் அதைத் தவிர்க்கலாம். டா நாங்கிலிருந்து காரில் ஹோய் ஆன் சென்று மூன்று இரவுகள் தங்கி, பிறகு டா நாங்கிலிருந்து ஹுவேக்கு மட்டும் கட்டாயம் ரயிலில் போங்கள். இரண்டரை முதல் மூன்று மணி நேரம் பிடிக்கும் அந்தப் பயணத்தில் ரயில் ஹாய் வான் மலையின் கடலோரச் சரிவை ஒட்டி வளைந்து செல்கிறது. செல்லும் திசையில் வலப்பக்க இருக்கைகளைக் கேட்டு வாங்கினால் கடல் உங்கள் பக்கமாகவே வரும். கார் ஓட்டுநர்கள் 2005-இல் திறக்கப்பட்ட சுரங்கச் சாலை வழியாக விரைவில் கொண்டுபோய்விடுவதாகச் சொல்வார்கள். அந்த வழியில் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. 1802 முதல் 1945 வரை ஆண்ட நுயென் அரசர்களின் தலைநகரான ஹுவேயில் ஓர் இரவு தங்கி, அங்கிருந்தே விமானத்தில் சைகோன் செல்லலாம். அங்கே இரண்டு இரவுகளும், மேகாங் கழிமுகத்தின் கான் தோ நகரில் ஓர் இரவும் தங்கினால் பயணம் நிறைவடையும். படகுகளிலேயே வியாபாரம் நடக்கும் அங்குள்ள மிதக்கும் சந்தை, சாலைகள் பெருகிய பிறகு சுருங்கிவிட்டது. ஆயினும் விடியலில் படகில் போய்ப் பார்ப்பவர்களுக்கு அந்த ஆற்று வாழ்க்கை இன்னும் புலப்படும்.

விசாவை இணையவழியிலேயே பெறலாம். விண்ணப்பத்தில் நுழையும் விமான நிலையத்தையும் வெளியேறும் விமான நிலையத்தையும் தனித்தனியே கேட்பார்கள் என்பதால், வழியை முடிவு செய்த பிறகே விண்ணப்பியுங்கள். நம் பெயர்களில் முதலெழுத்து, தந்தை பெயர் ஆகியவற்றால் குழப்பம் நேர்வதுண்டு. ஐவரின் பெயரையும் கடவுச்சீட்டில் உள்ளபடியே ஓர் எழுத்தும் மாறாமல் நிரப்புங்கள். 2025 ஜூலை முதல் அங்கே 63 மாகாணங்களும் பெருநகரங்களும் 34 ஆகச் சுருக்கப்பட்டு, ஹோய் ஆன்கூட டா நாங் எல்லைக்குள் வந்துவிட்டது. பழைய வழிகாட்டி நூல்களில் உள்ள மாகாணப் பெயரும் விடுதி முகவரியும் ஒத்துப்போகாவிட்டால் கலங்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள். அங்கே பட்டினி கிடக்க நேருமா?
வாசகர், கும்பகோணம்.

பதில்: நேராது, ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு போங்கள். மீனை உப்பிட்டு ஊறவைத்து வடிக்கும் நூக் மாம் என்ற சாறு அங்கே காய்கறிப் பொரியலிலும் கலக்கப்படும். ஆகவே 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் போதாது. நம் வடநாட்டுத் தேநீர்ச் சொல்லைப் போலவே ஒலிக்கும் 'சாய்' என்ற சொல், பௌத்த மரபிலான புலால் மறுப்பு உணவைக் குறிக்கும். பெயர்ப்பலகையில் அந்தச் சொல் உள்ள உணவகங்கள் எல்லா நகரங்களிலும் உண்டு. சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பௌர்ணமியிலும் உள்ளூர் மக்களே புலால் தவிர்ப்பதால் அன்று இத்தகைய உணவு தாராளமாகக் கிடைக்கும். மடாலயங்கள் நிறைந்த ஹுவே இதற்குப் பெயர்பெற்ற ஊர்.

கேள்வி: மி சோன் கோயில்களைச் சோழர்கள் கட்டினார்கள் என்று படித்தேன். அதற்காக ஒரு நாள் ஒதுக்கலாமா?
வாசகர், காரைக்குடி.

பதில்: நாளை ஒதுக்குங்கள், ஆனால் படித்ததை மறந்துவிடுங்கள். மி சோன் கோயில்களை எழுப்பியவர்கள், இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியில் இருந்த சம்பா நாட்டின் சாம் மன்னர்கள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பத்ரவர்மன் என்ற மன்னன் அங்கே பத்ரேசுவரர் என்ற பெயரில் சிவலிங்கத்தை நிறுவினான். அதாவது, தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே சிவ வழிபாடு வேரூன்றியிருந்தது. கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய சாம் மொழியிலும் உள்ளன. அவர்களின் உழைப்பை நம் கணக்கில் எழுதிக்கொள்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. சாம் மக்கள் இன்றும் அந்நாட்டில் வாழ்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் இடிந்தது. பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறை சில பகுதிகளைச் சீரமைத்தபோது, 2020-இல் ஒற்றைக் கல்லாலான லிங்கம் ஒன்று வெளிப்பட்டது.

உங்கள் ஊருக்கு உண்மையான தொடர்பு சைகோனில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே வட்டித் தொழில் நடத்திய நகரத்தார் எழுப்பிய முருகன் கோயிலும், நகரின் நடுவிலுள்ள மாரியம்மன் கோயிலும் இன்றும் உள்ளன. மாரியம்மன் சந்நிதியில் வியட்நாமியப் பெண்கள் ஊதுபத்தி ஏற்றி வேண்டுவதைப் பார்க்கலாம்.

மி சோன், ஹோய் ஆனிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் உள்ளது. செங்கல் சுவர்கள் சூடேறுவதற்கு முன், காலை எட்டு மணிக்குள் அங்கே போய்ச் சேருங்கள். அங்கிருந்த சிறந்த சிற்பங்கள் பல டா நாங்கில் உள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் இருப்பதால், கோயிலைப் பார்த்த மறுநாள் அதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.