'கோபுரம்' தேடலில் ஏன் விடுபடுகிறது?

வணக்கம். சிங்கப்பூர் தோ பாயோ வாசகர் வட்டத்துக்காக உறுப்பினர்களோடு சேர்ந்து நூல் பரிமாற்றச் செயலி செய்கிறீர்கள். 'கோபுரம்' என்று தேடினால் பாதி நூல்கள் வருவதில்லை என்கிறீர்கள்.

உங்கள் தேடல் நிரல் சரியாகத்தான் இருக்கும். யூனிகோடில் 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி (NFC, பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோடு முறை) முறையில் இயல்பாக்குங்கள், தீர்ந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று, இது இன்னும் தொல்லை. 'மௌனம்' என்பதைப் பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியும் ளகரமும் போட்டு 'மெளனம்' என்று தட்டுவார்கள். அதை என்எஃப்சி திருத்தாது. உறுப்பினர்கள் உண்மையில் உதவக்கூடிய இடம் இதுதான். "என்ன வசதி வேண்டும்?" என்று கேட்பதைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். வட்டத்துப் பெரியவர்களிடம் 20 சொற்கள் கொடுத்து, அவரவர் கைப்பேசியில், பழகிய விசைப்பலகையில் தட்டி அனுப்பச் சொல்லுங்கள். வருவதைத் திருத்தாமல் அப்படியே சேமியுங்கள்; அதுவே உங்கள் சோதனைப் பட்டியல். 1997இல் தமிழ் இணைய மாநாடு கூடிய ஊர் சிங்கப்பூர். அந்தக் காலத்திலிருந்தே கணினியில் தமிழ் தட்டுபவர்கள் உங்கள் வட்டத்திலும் இருக்கலாம், முதலில் அவர்களைக் கேளுங்கள். பட்டியல் வந்ததும் இங்கே போடுங்கள், தவறாகத் தட்டியதைச் சரியான வடிவத்துக்கு மாற்றும் விதிகளை நானும் சேர்ந்து எழுதித் தருகிறேன்.