கார்டு இருக்கு, காசு வருமா?

அமெரிக்க மருத்துவக் காப்பீட்டைப் பற்றி மைக்கேல் மூர் 2007ல் எடுத்த ‘சிக்கோ’ ஆவணப்படம் பற்றிப் போன தடவை நாலு வரி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதி படத்தைப் பற்றி, பாதி அவரவர் வீட்டு ஆஸ்பத்திரி பில்லைப் பற்றி. இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

மார்த்தாண்டம் வாசகர்: அது அமெரிக்கக்காரன் பிரச்சினை. நாம் ஏன் பார்க்கணும்?

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மூர் ஒன்று சொல்வார்: காப்பீடு இல்லாத கிட்டத்தட்ட 5 கோடி அமெரிக்கர்களைப் பற்றியது அல்ல இந்தப் படம், காப்பீடு வைத்திருப்பவர்களைப் பற்றியது. மாதாமாதம் பணம் கட்டியவனுக்கு, படுக்கையில் விழுந்த பிறகு ‘இது எங்கள் கணக்கில் வராது’ என்று கடிதம் வருகிறது. இதைக் கேட்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை, நாகர்கோவிலிலேயே கேட்கலாம்.

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கிளெயிம் பிரிவில், அதாவது காப்பீட்டுப் பணம் கேட்டு வரும் மனுக்களைப் பார்க்கும் பிரிவில், பல வருஷம் இருந்தவன். அதனால் லிண்டா பீனோ வரும் இடத்தில் எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவர் ஒரு டாக்டர், காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோப்பு பார்த்தவர். 1987ல் ஒரு நோயாளிக்குத் தேவைப்பட்ட அறுவைச் சிகிச்சையைத் தான் மறுத்ததாகவும், அதனால் கம்பெனிக்கு 5 லட்சம் டாலர் மிச்சமானதாகவும் 1996ல் அமெரிக்கக் காங்கிரஸ் குழு முன் அவரே சொன்னார். நான் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் ‘நிராகரிக்கலாம்’ என்று எழுதிவிட்டு மத்தியானச் சோறு சாப்பிடப் போன நாட்கள் எனக்கும் உண்டு.

ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். படத்தில் இரண்டு விரல் துண்டான ஒருவரிடம் மோதிர விரலுக்கு 12,000 டாலர், நடுவிரலுக்கு 60,000 டாலர் என்று விலை சொல்கிறார்கள். அவர் மோதிர விரலை மட்டும் ஒட்டிக்கொள்கிறார். கூட்டம், வரிசை, காத்திருப்பு என்று ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் என்ன குறை இருந்தாலும், அங்கே விரலுக்கு விலை சொல்ல மாட்டார்கள்.

குளச்சல் வாசகி: வீட்டுக்காரருக்குப் பித்தப்பை ஆபரேஷன். 3 லட்சம் பாலிசி, பில் ஒன்றரை லட்சம்தான். ஆனாலும் 45,000 ரூபாய் கையில் இருந்து கட்டினோம். ஏமாற்றிவிட்டார்களா அண்ணாச்சி?

ஏமாற்றவில்லை அம்மா. பாலிசியில் எழுதியிருப்பதைத்தான் செய்திருக்கிறார்கள், வருத்தமே அதுதான். நீங்கள் அனுப்பிய பில்லைப் பார்த்தேன். பாலிசிப்படி அறை வாடகை ஒரு நாளைக்குப் பாலிசித் தொகையில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். நீங்கள் எடுத்தது 5,000 ரூபாய் ஏசி அறை, 4 நாள். மிஞ்சிப் போனால் 8,000 ரூபாய்தான் நம் தலையில் விழும் என்று நினைத்திருப்பீர்கள்.

கணக்கு அப்படிப் போகாது. 5,000க்கு 3,000 என்றால் 60 சதவீதம். டாக்டர் பீஸ், தியேட்டர், நர்சிங் எல்லாவற்றுக்கும் அதே 60தான். அந்த வகையில் உங்கள் பில் 80,000; வந்தது 48,000. போனது 32,000. அதோடு அறையில் 8,000, பாலிசி தராத, கையுறை மாதிரித் தூக்கிப்போடும் சாமான்களுக்கு 5,000. மொத்தம் 45,000.

மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு கிடையாது, உங்கள் பில்லிலும் அவற்றுக்கு ஆன இன்னொரு 45,000 முழுசாக வந்திருக்கிறது. எந்த அறை எடுத்தாலும் டாக்டர் பீஸ் ஒன்றுதான் என்கிற ஆஸ்பத்திரியிலும் இப்படி வெட்டக் கூடாது. அதை மட்டும் அங்கே கேட்டுப் பாருங்கள். அப்படி எழுதிக் கொடுத்தால் 32,000க்குச் சண்டை போடலாம். அடுத்த முறை புதுப்பிக்கும்போது அறை வாடகை வரம்பில்லாத பாலிசியாகப் பாருங்கள். பிரீமியம் கூடும், சரி, கூடட்டும்.

தக்கலை வாசகர்: அப்பாவுக்குச் சுகர். ‘எழுதாண்டாம், பிரீமியம் ஏறும்’ என்றார் ஏஜென்ட். எழுதவில்லை. இப்போ பயமாக இருக்கு.

பயப்பட வேண்டியதுதான். மறைத்தது தெரிந்தால் கிளெயிமும் போகும், பாலிசியும் போகும். ஏஜென்ட் அப்போது போனை எடுக்க மாட்டார். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்றைய விதிப்படி, ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 3 வருஷம் காத்திருப்பு, அவ்வளவுதான். அமெரிக்காவில் இதே காரணத்தைச் சொல்லி ஆளையே சேர்க்காமல் விட்டதைத்தான் படத்தில் பார்த்தீர்கள். அங்கே அது 2014ல்தான் சட்டப்படி நின்றது.

இப்போதே எழுத்தில் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். விடாமல் 5 வருஷம் ஓடிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் தவிர, ‘மறைத்தாய்’ என்று தள்ள முடியாது என்பதும் விதிதான். அதை நம்பி வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்ல மாட்டேன்.

அருமனைக்காரி, இப்போ லண்டனில் நர்ஸ்: படத்தில் எங்கள் என்ஹெச்எஸ்ஸை, அதாவது இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையை, மூர் சொர்க்கம் மாதிரிக் காட்டியிருக்கிறார். சிரிப்பு வந்தது.

வரத்தான் செய்யும். பில் கட்டும் இடத்தைத் தேடி அலையும் மூருக்கு, நோயாளிக்கு வண்டிக்காசு கொடுக்கும் ஜன்னல்தான் கிடைக்கிறது. நல்ல காட்சி. ஆனால் வரிசையை அவர் காட்டவில்லை. இங்கிலாந்தில் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் 70 லட்சத்தைத் தாண்டியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கியூபாவிலும் நல்ல பக்கத்தை மட்டும்தான் பார்த்தார். அவர் வக்கீல், நீதிபதி இல்லை. இங்கிலாந்திலிருந்து எவரெஸ்ட் ஏற வந்த சோமர்வெல் டாக்டர் வைத்தியம் பார்க்க நம் நெய்யூரில் தங்கிவிட்டார். இப்போ நம் பிள்ளைகள் அங்கே போய் அந்த ஊர்க்காரர்களுக்கு ஊசி போடுகிறார்கள்.

குலசேகரம், ரப்பர் வெட்டும் தொழிலாளி: எங்களுக்கு முதல்வர் காப்பீடு போதாதா?

வருஷ வருமானம் 1,20,000க்குள் என்றால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. பெரிய ஆபரேஷனுக்கு இது பெரிய துணை. ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில்தான். நம் ஆட்கள் நெஞ்சுவலி என்றதும் திருவனந்தபுரத்துக்கு வண்டியைத் திருப்புவார்கள். அவசரம் இல்லாத சிகிச்சை என்றால், கிளம்புவதற்கு முன்பே அந்த ஆஸ்பத்திரியில் கார்டு செல்லுமா என்று கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

நாகர்கோவில் வாசகர்: கிளெயிமை மறுத்துவிட்டார்கள். கோர்ட்டுக்குத்தான் போகணுமா?

வேண்டாம். எந்த விதிப்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்குப் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான புகாரை விசாரிப்பார்கள். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தி இல்லை என்றால் நீங்கள் அப்போதும் கோர்ட்டுக்குப் போகலாம்.

பெயர் வேண்டாம் என்றவர்: பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பார்க்கலாம். தொடக்கத்தில் ஒருவர் தன் முழங்காலைத் தானே தைத்துக்கொள்கிறார். அது முடிந்ததும் கூப்பிடுங்கள்.