எந்த வகுப்பை எடுப்பது?

அன்புள்ள அண்ணாவுக்கு,

கொழும்பில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். அம்மாவுக்குச் சுகமில்லாமல் போனதால் ஒரு வருடம் வவுனியாவில் வீட்டோடு நின்றுவிட்டேன். இப்போது திரும்பி வந்து இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். என்னோடு சேர்ந்தவர்கள் மூன்றாம் ஆண்டுக்குப் போய்விட்டார்கள். புதிய வகுப்பில் எல்லோரும் என்னை 'அக்கா' என்கிறார்கள். மரியாதைதான், ஆனாலும் தனித்துப்போன மாதிரி இருக்கிறது. விரிவுரை முடிந்ததும் நேரே வெள்ளவத்தை அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

இந்த அரையாண்டுக்கு இரண்டு விருப்பப் பாடங்கள் தெரிவுசெய்ய வேண்டும். இயந்திரக் கற்றல், இணையச் செய்நிரலாக்கம், அல்கோரிதம், பணிசெயல் முறைமைகள் ஆகிய நான்கும் பட்டியலில் இருக்கின்றன. முதல் இரண்டையும் எடுத்தால்தான் வேலை என்று எல்லோரும் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா தேறியிருப்பார் என்று நம்புகிறேன். அவரோடு நின்ற அந்த வருடத்தை இழப்புக் கணக்கில் எழுதாதீர்கள். கொழும்பில் பல வருடங்களாக மென்பொருள் வேலை செய்கிறேன். வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையின் இந்தப் பக்கத்திலும் இருந்திருக்கிறேன். பட்டம் ஒரு வருடம் பிந்தியது ஏன் என்ற கேள்விக்கு 'அம்மாவைப் பார்த்துக்கொண்டேன்' என்று ஒருவர் சொன்னால், அதற்குமேல் அங்கே யாரும் கிண்டுவதில்லை.

தனித்துப்போவதற்கு மருந்து அறையில் இல்லை, ஆய்வுகூடத்தில் இருக்கிறது. விரிவுரை முடிந்ததும் காலி வீதிக்கு வந்து பஸ் ஏறாமல், மாலை வரை ஆய்வுகூடத்தில் இருந்து பயிற்சிகளைச் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவரின் செய்நிரல் ஓடாது, உங்களுடையதும் ஓடாது. அங்கேதான் பேச்சு தொடங்கும், பெரும்பாலும் அரைகுறைச் சிங்களத்திலும் அரைகுறை ஆங்கிலத்திலும். குழு வேலைக்கு ஆள் சேர்க்கும்போது யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே போய்க் கேளுங்கள். அக்கா என்று அழைக்கிறவர்கள் அக்கா கேட்டால் மறுக்க மாட்டார்கள். பழைய நண்பர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களின் குறிப்புகளும் பழைய வினாத்தாள்களும் உங்களுக்குக் கிடைப்பதுபோல இந்த வகுப்பில் வேறு யாருக்கும் கிடைக்காது.

இனிப் பாடங்கள். அல்கோரிதமும் (ஒரு சிக்கலைப் படிப்படியாகத் தீர்க்கும் வழிமுறை) பணிசெயல் முறைமைகளும் (கணினியில் ஓடும் வேலைகளை நிர்வகிக்கும் அடிப்படை மென்பொருள்) எடுங்கள் என்பதே என் கருத்து.

இணையச் செய்நிரலாக்கம் வேண்டாத பாடமல்ல, ஆனால் தனியாகவே கற்றுக்கொள்ளலாம். ஒரு மடிக்கணினியும் விடுமுறையும் போதும். இன்று வகுப்பில் காட்டும் கருவி நீங்கள் பட்டம் பெறும்போது வழக்கொழிந்தும் போயிருக்கலாம். எழுதிய பதிலைப் பார்த்து 'இந்த இடத்தில் உன் தர்க்கம் பிழைக்கிறது' என்று சுட்டிக்காட்ட ஓர் ஆசிரியர் தேவைப்படும் பாடத்தையே பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும்.

ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். பைத்தன் என்ற செய்நிரல் மொழியில் 'கொழும்பு' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். கொ, ழு, ம், பு என்று நான்கு எழுத்துகள்தான் நமக்குத் தெரியும். கணினி 8 என்று சொல்லும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட்டில் அகரமேறிய எழுத்து தனி, உயிர்க்குறி தனி, புள்ளி தனி. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் அந்த எட்டும் மும்மூன்று பைட்டாக 24 பைட் பிடிக்கும். சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால், 'ப்முழொக' என்பது போன்ற ஒன்று, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாத ஓர் உகரக் குறியோடு வந்து நிற்கும். இன்னும் ஒன்று: ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிடச் சொன்னால் இரண்டும் வேறு என்று கணினி சொல்லிவிடும். இதைக் கவனிக்காமல் கட்டிய தேடுபொறியில், தமிழில் பதிந்த ஒரு பெயர் இருந்தும் அகப்படாமல் போகும். நம் மொழிக்குச் செய்ய வேண்டிய கணினி வேலை ஏராளம் கிடக்கிறது. எதையும் எப்படிச் சேமிக்கிறோம், எப்படித் தேடுகிறோம் என்று அடியிலிருந்து யோசிக்கப் பழகியவர்களே அதைச் செய்ய முடியும். அந்தப் பழக்கத்தைத் தருவது அல்கோரிதம் வகுப்பு.

பணிசெயல் முறைமைகளும் அப்படித்தான். கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ரயிலில் ஓர் இருக்கை மட்டும் மீதி என்று வையுங்கள். இரண்டு பேர் ஒரே கணத்தில் முன்பதிவு செய்கிறார்கள். இரு முன்பதிவுச் செய்கைகளும் 'இருக்கை காலி' என்று வாசிக்கின்றன, இரண்டும் பதிகின்றன, வவுனியா தாண்டுவதற்குள் பெட்டியில் சண்டை. ஒருவர் முடிக்கும்வரை மற்றவரைக் காக்கவைக்கும் பூட்டுப் போட்டு இதைத் தடுக்கலாம். ஆனால் ஒருவர் பிடித்த பூட்டை மற்றவரும், மற்றவர் பிடித்ததை இவரும் எதிர்பார்த்து நின்றால் இரண்டும் அப்படியே உறைந்துவிடும். வங்கி, மருத்துவமனை, பரீட்சைப் பெறுபேறு என்று எந்த மென்பொருளைத் தொட்டாலும் இந்தச் சிக்கல் வரும். பொறுமையாகப் படம் வரைந்து காட்டும் விரிவுரையாளர் கிடைத்தால் விடாதீர்கள்.

தரவிலிருந்து கணினியைக் கற்கவைக்கும் இயந்திரக் கற்றலை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளே இருப்பது புள்ளிவிபரவியல். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1985இல் புள்ளிவிபரவியலும் கணினி விஞ்ஞானமும் ஒரே துறையாகவே இருந்தன. பேராசிரியர் வி. கே. சமரநாயக்க வளர்த்த அந்த மரபிலிருந்துதான் 2002இல் அங்கே கணினிக்கென்று தனிக் கல்லூரி வந்தது. தாயங்களும் (எண் அட்டவணைகள்) நிகழ்தகவும் நுண்கணிதமும் கைவராமல் அந்த வகுப்பில் உட்கார்ந்தால், பிறர் எழுதிய செய்நிரல் நூலகங்களை அழைக்க மட்டுமே கற்பீர்கள். ஒரு வருட இடைவெளிக்குப் பிறகு உங்கள் கணிதம் துருப்பிடித்திருக்கும். இந்த அரையாண்டில் அதைத் தீட்டுங்கள்.

தமிழில் உயர்தரம் படித்துவிட்டு ஆங்கில விரிவுரையில் திணறுபவர் என்றால், அன்றன்று கேட்டதை இரவில் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். எழுத வராத இடம்தான் விளங்காத இடம். மறுநாள் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

படிவம் கொடுக்குமுன் துறை அலுவலகத்தில் இரண்டு விடயங்களைக் கேட்டறியுங்கள்: தெரிவை மாற்ற எத்தனை வாரம் தருகிறார்கள், இயந்திரக் கற்றல் அடுத்த ஆண்டும் நடக்குமா. நடக்காது என்றால் மீண்டும் எழுதுங்கள், வேறு விதமாக யோசிப்போம்.

அன்புடன்,
அண்ணா