தாய்வீடு இல்லாத முதல் பிரசவம்: குழந்தையை நேராக மலைவீட்டுக்குக் கொண்டுபோன கதை

கேள்வி: முதல் குழந்தை பிறக்கப்போகிறது. எனக்கு அம்மா இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கணவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். என்னென்ன தயார் செய்து வைக்க வேண்டும்?

"எனக்கு அம்மா இல்லை" என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. எனக்கும் இல்லை. ஒன்பதாவது படிக்கும்போதே போய்விட்டார். அதனால் நீங்கள் எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று ஓரளவு தெரியும். தொட்டிலும் துணியும் உங்கள் கவலை இல்லை. ராத்திரி பிள்ளை அழுதால் யாரை எழுப்புவது, அதுதானே?

சாமான் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சேலை நாலைந்தைக் கிழித்து வையுங்கள். குல்லா, காலுறை, உங்களுக்கு நாப்கின், ஒரு பிளாஸ்க், நல்ல வெளிச்சம் தரும் ஒரு டார்ச். போதும். மற்றதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். டார்ச் எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

எங்கள் வீடு கேரளப் பக்கம், குமுளியிலிருந்து வண்டிப்பெரியாறு போகும் வழியில், தேயிலைத் தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு. என் மாமியார், அதாவது அத்தை, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். கோட்டயத்துக்குப் போவதென்றால் மலையிறங்கி ஏறக்குறைய மூன்று மணி நேரம். தமிழ்நாட்டுக் கம்பம்தான் கிட்டே. அதனால் பிரசவத்துக்குக் கீழே கம்பம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கார்த்திகைக் கடைசி. செவ்வாய்க்கிழமை காலையில் மகள் பிறந்தாள். 37 வாரம், 2.4 கிலோ. சுகப்பிரசவம் என்பதால் வியாழக்கிழமையே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

சபரிமலை சீசனில் எங்கள் பக்கத்து வழி தெரிந்தவர்களுக்குப் புரியும். ஏறுகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள், குமுளி மலைப்பாதை இறங்குகிற வண்டிகளுக்கு. இரண்டு நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஏலக்காட்டுக்குள் சுற்றிச் சுற்றி ஜீப்பில் வீடு வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் அத்தை என் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தார். வாசலில் ஆலம் சுற்றினார்கள். அம்மா இருந்து செய்ய வேண்டியது என்ற நினைப்பு எனக்கு அப்போதுதான் வந்தது. அழுதுவிட்டேன்.

இப்போது நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் இரண்டு நாளில் அனுப்பிவிடுகிறார்கள். பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் (மஞ்சள் காமாலை) ஏறுவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். நர்ஸ் யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துத்தான் அது வருகிறது. அதனால் வீட்டுக்கு வருகிற நாளைவிட, வந்த பிறகு வரும் ராத்திரிகளுக்குத் தயாராகுங்கள்.

சனிக்கிழமை பகல் முழுக்க மகள் தூங்கிக்கொண்டே இருந்தாள். எழுப்பிப் பால் கொடுத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி தூக்கம். சமத்துப் பிள்ளை என்று வந்தவர்கள் சொன்னார்கள். கண் லேசாக மஞ்சளாக இருக்கிறது என்று நான் சொன்னதற்கு, காலை இளவெயிலில் காட்டு, சரியாகிவிடும் என்று பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த மாதத்தில் எங்கள் லயத்தில் ஒன்பது மணிக்கும் பனிமூட்டம் விலகாது. வெயிலுக்கு எங்கே போவது?

ராத்திரி ஏழு மணி இருக்கும். அத்தை டார்ச்சை எடுத்து வந்து உட்கார்ந்தார். மகளின் காலுறையைக் கழற்றினார். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறை ஏறிய கட்டைவிரலால் அந்தச் சின்ன உள்ளங்காலை மெதுவாக அழுத்தி எடுத்தார். சிவப்பு விலகிய இடம் வெள்ளையாக இருக்க வேண்டும். பழுத்த எலுமிச்சம்பழத் தோல் மாதிரி இருந்தது. மூக்கு, நெஞ்சு, வயிறு, கால் என்று ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தார். "காலு வரைக்கும் இறங்கிருச்சுத்தா. கெளம்பு" என்றார். வேறு பேச்சே இல்லை.

நடுச்சாமத்துக்கு மேல் தேனி தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் ரத்தத்தில் 18 இருந்தது. என் ரத்த வகை ஓ, குழந்தைக்கு ஏ. அது ஒத்துப்போகாததும் ஒரு காரணமாக இருக்கலாம், மாதம் கொஞ்சம் முந்திப் பிறந்ததும், பால் சரியாகக் குடிக்காததும் சேர்ந்திருக்கும் என்று டாக்டர் விளக்கினார். பச்சைக் குழந்தையின் கல்லீரல் அந்த மஞ்சளை வெளியேற்றப் பழகுவதற்குள் அளவு மிஞ்சினால் மூளையைப் பாதிக்குமாம். கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் இரண்டு நாள் போட்டிருந்தார்கள். இன்று அவள் ஒன்றாம் வகுப்பு. நன்றாக இருக்கிறாள்.

"நாமெல்லாம் வெயிலில் காட்டி வளர்ந்தவர்கள்தானே" என்று யாராவது வந்து எழுதுவீர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு மஞ்சள் தானாகவே போய்விடும் என்பது எனக்கும் தெரியும். என் மகளுக்குப் போகவில்லை. உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானாலோ, பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ வெயிலை நம்பி உட்காராதீர்கள்.

மாமியாரைத் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்றும் தோன்றலாம். எங்களுக்குள்ளும் சண்டை வந்திருக்கிறது. பிறந்த அன்றைக்கே நாக்கில் தேன் தொட்டு வைக்கப் பார்த்தார். ஒரு வயது வரை தேன் கூடாது, சீம்பால்தான் கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னதும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். சொன்னால் கேட்கிற மனசு அது. அந்த மாதிரி ஒருவர் உங்கள் வீட்டில் யார் என்று இப்போதே பார்த்து வையுங்கள். மாமியார்தான் என்றில்லை. எனக்குக் குளிக்கப் புளியிலையும் பலா இலையும் போட்டு வெந்நீர் காய்ச்சித் தந்தது பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி. 28ஆம் நாள் குழந்தையின் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டியதும் அவர்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் வலியோடு நின்ற என்னிடம், முகவரியைப் பார்த்துவிட்டு, "கேரளாக்காரங்க அங்கேயே பெத்துக்க வேண்டியதுதானே" என்று ஒருவர் கேட்டார். மேலே கேரளத்தில் எங்களைப் பாண்டி (தமிழர்) என்கிறார்கள், கீழே தமிழ்நாட்டில் மலையாளத்துக்காரி என்கிறார்கள். மூன்று தலைமுறையாகத் தமிழ் பேசித் தேயிலை பறித்த குடும்பம். முல்லைப்பெரியாறு செய்தி வரும்போதெல்லாம் இரண்டு பக்கமும் எங்களைச் சந்தேகமாகப் பார்ப்பது ஒருபுறம். பிரசவ வலியில் நிற்கிறவளிடமுமா? இன்றும் ஆறவில்லை.

அதோடு ஒட்டிய ஒரு காரியம்: பிறப்புப் பதிவு குழந்தை பிறந்த ஊரில்தான் நடக்கும், நீங்கள் குடியிருக்கும் ஊரில் அல்ல. 21 நாளுக்குள் கட்டணம் இல்லாமல் பதிவாகும். பெயரை ஒரு வருடத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம், அவசரம் வேண்டாம். உங்கள் பெயரும் கணவர் பெயரும் ஆதாரில் உள்ளபடியே எழுதியிருக்கிறார்களா என்று ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே படித்துப் பாருங்கள். நாங்கள் ஒரு எழுத்துக்காக மூன்று முறை மலை இறங்கினோம்.

அப்புறம், ராத்திரியில் கூப்பிட்டால் வருகிற டிரைவர் இரண்டு பேரின் நம்பரைச் சுவரில் எழுதி வையுங்கள். குழந்தைகளுக்கு நீல விளக்கு வசதி உள்ள ஆஸ்பத்திரி எது, அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்பதையும் உங்கள் வீட்டுக்காரரை இந்த வாரமே விசாரிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு எத்தனையாவது மாதம், எந்த ஊர், என்ன ரத்த வகை என்று கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.