கேள்வி பதில்: குழந்தைக்கான கார் சீட்

எங்கள் 10 மாதப் பெண்ணுக்கு கார் சீட் வாங்கியிருக்கிறோம். கார் பழசு, ஐசோஃபிக்ஸ் (குழந்தை சீட்டை நேராக மாட்ட காரிலேயே இருக்கும் கம்பிகள்) கிடையாது. சீட் பெல்ட்டால் கட்டியும் ஆடுகிறது. கால் இடிக்கிறதே, முன்பக்கம் பார்க்கத் திருப்பி வை என்கிறார்கள் வீட்டில். என்ன செய்ய?
– வாசகி, திண்டுக்கல்

திருப்ப வேண்டாம். குழந்தை சீட்டுகளுக்கான ஐ.நா. பாதுகாப்பு விதியான ஆர்129-ன்படி குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். சீட் இடம் கொடுத்தால் அதன் பிறகும் தொடரலாம். இந்த வயதில் தலை கனம், கழுத்து பலம் குறைவு. வண்டி எதிலாவது மோதினால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் முதுகுப்பகுதி சேர்த்துத் தாங்கும். கால் மடங்குவது பிரச்சினையே இல்லை.

ஆட்டத்தை, பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து இழுத்துப் பாருங்கள். அங்கே 2.5 செ.மீ.க்கு மேல் அசையக் கூடாது. தலைப்பக்கம் கொஞ்சம் அசைவது இயல்புதான்.

பெல்ட் போகும் வழி சீட்டிலேயே குறித்திருக்கும். பின்பக்கம் பார்க்க வைக்கும்போது பெரும்பாலும் நீல நிறம். முறுக்கில்லாமல் நுழைத்து பக்கிளை மாட்டுங்கள். ஒரு கையால் சீட்டை பலமாக அழுத்தியபடியே முதலில் இடுப்புப் பெல்ட்டின் தொய்வை இழுத்து எடுங்கள், அப்புறம் தோள் பெல்ட்டை. நம் கார் பெல்ட்டுகள் பெரும்பாலும் வெடுக்கென்று இழுத்தால்தான் பூட்டிக்கொள்ளும், மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். இரண்டு நாளில் சீட் மறுபடி தளர்வது இதனால்தான். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு சீட்டில் இருந்தால் அதைக் கட்டாயம் போடுங்கள்.

பக்கிள், சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. மோதலில் பக்கிளே உடையலாம். மறுபக்க ஜன்னல் இருக்கையில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் அப்படித்தான் என்றால் அந்த சீட் உங்கள் காருக்கு ஒத்துவராது. பெல்ட் நீளம் எட்டாவிட்டாலும் அதே முடிவுதான், வேறு வழியில் நுழைக்கப் பார்க்காதீர்கள். (காரில் பொருத்திப் பார்க்க விடாத கடையில் கார் சீட் வாங்கவே கூடாது.)

கொடைக்கானல் போகும்போது ஸ்வெட்டருக்கு மேல் சீட் வாரைப் போட வேண்டாம். மோதலில் கம்பளி அமுங்கி வார் தளர்ந்துவிடும். ஸ்வெட்டரைக் கழற்றி, தோள்பட்டை அருகே வாரை விரலால் கிள்ளினால் மடிப்பு விழாத அளவுக்கு இறுக்கி, அதற்கு மேல் போர்வை போர்த்துங்கள்.

மூன்று வயது மகனுக்கு ஐசோஃபிக்ஸ் சீட். இரண்டு கொக்கியும் மாட்டி, சரியாகப் பூட்டியதைக் காட்டும் பச்சை தெரிகிறது. சீட்டின் உச்சியில் தொங்கும் இன்னொரு பட்டை எதற்கு?
– வாசகர், திருப்பூர்

அதுதான் டாப் டெதர். 28 செ.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு கம்பிகளும் சீட்டின் அடியைத்தான் பிடிக்கின்றன. திடீர் பிரேக்கில் உச்சி முன்னால் சாயும், கூடவே பையனின் தலையும். பட்டையை, உங்கள் சீட் கையேட்டில் உள்ளபடி ஹெட்ரெஸ்ட்டுக்கு அடியில் விட்டு, பின்னால் மாட்டி இறுக்குங்கள். மாட்டும் வளையம் ஹாட்ச்பேக்கில் பெரும்பாலும் பின்னிருக்கையின் முதுகில், செடானில் பின்கண்ணாடிக்குக் கீழ் மூடிக்குள் இருக்கும். பக்கத்தில் நங்கூரக் குறி உண்டு. டிக்கியில் பை மாட்டும் கொக்கியில் மாட்டிவிடாதீர்கள், அது இழுவை தாங்காது.

சின்னத் தூரம்தானே, முன்னிருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே பெல்ட்டைப் போட்டால் போதாதா?
– வாசகி, நாகர்கோவில்

போதாது. 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி பத்தில் ஒரு நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தக் கையாலும் முடியாது. ஒரே பெல்ட்டுக்குள் இருவர் இருந்தால் பெரியவரின் எடை முழுவதும் குழந்தையை பெல்ட்டோடு நசுக்கும். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குட்பட்டவரை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் ₹1,000 அபராதமும் உண்டு. ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் பின்பக்கம் பார்க்கும் சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரியும் வேகம் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால்தான் அறையும்.